சுவரில் நடக்கும் பூசணி விதை: உறைப்புழுவும் துணி அந்தும்

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. எங்கள் புளோக்கில் நான்காவது மாடியில் இருக்கும் அக்கா, மின்தூக்கியில் என்னைப் பார்த்ததும் கைப்பேசியை நீட்டினார். படத்தில் வெள்ளைச் சுவர். அதில் சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்கு, பூசணி விதை மாதிரி நடுவில் அகன்று இரு முனையிலும் ஒடுங்கி இருந்தது.

"தம்பி, இது துணி அரிக்கிற பூச்சிதானே? பீரோ பக்கத்துச் சுவர்ல அஞ்சாறு இருக்கு. என் கல்யாணப் புடவை உள்ள இருக்குப்பா" என்றார். அதற்குள் பீரோவைக் காலிசெய்து, இரண்டு பொட்டலம் அந்துருண்டை வாங்கிப் போட்டுவிட்டாராம். அவர் மேல்துண்டிலிருந்தே அந்த வாசம் அடித்தது.

பயந்ததில் தப்பில்லை. படத்தில் இருந்ததும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான். ஆனால் கம்பளியை ஓட்டை ஓட்டையாக அரித்துப் போடும் துணி அந்து வேறு; இது அதற்குப் பெரியப்பா பிள்ளை முறை. ஒரே குடும்பம், ஒரே சாயல், உறையைச் சுமந்துகொண்டு நடக்கும் பழக்கம்கூட ஒன்று. பிழைப்புதான் வேறு. இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது, கண்ணால் பார்த்து எதுவரை சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை அக்காவுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர்களில் இதைப் பார்க்காதவர் குறைவு. குளியலறைக் கதவின் மேல் சட்டம், சாமி மாடத்தின் பின்சுவர், காலணி அலமாரிக்குப் பின்னால் இருக்கும் இடுக்கு, கூரையும் சுவரும் சேரும் மூலை, இங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். சிமெண்டுத் துகள் என்று பலர் விட்டுவிடுவார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு முனையிலிருந்து கரும்பழுப்புத் தலை எட்டிப்பார்க்கும். மூன்று ஜோடிக் கால்களால் சுவரைப் பற்றி, பின்னால் இருக்கும் வீட்டை வெடுக்கென்று இழுக்கும். ஒரு இழுப்பு, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு இழுப்பு. இதைத்தான் உறைப்புழு என்கிறேன். ஃபெரியீக்கா என்ற பேரினத்தைச் சேர்ந்தது.

உறைப்புழு, துணி அந்து இரண்டும் டினெயிடே என்ற குடும்பத்தில் வருகின்றன. அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவை புழுவாக இருக்கும்போது பச்சை இலையைத் தின்பவை. இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் இலை பக்கமே போவதில்லை. உதிர்ந்த முடி, இறகு, கம்பளி, பூஞ்சை, செத்த பூச்சி என்று மற்ற உயிர்கள் விட்டுப்போனதைத் தின்று வாழ்கின்றன. முடியிலும் நகத்திலும் இறகிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைச் செரிக்க முடிந்த உயிர்கள் உலகில் கொஞ்சம்தான். துணி அந்தின் புழு அதில் கைதேர்ந்தது. அரிப்பது எப்போதும் புழுதான். துணி அந்து சிறகு முளைத்து வெளியே வந்த பிறகு சாப்பிடுவதே இல்லை. பீரோவைத் திறந்ததும் பறக்கும் பூச்சியை அடித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாததற்கு இதுவே காரணம். அது முட்டையிட்டு முடித்திருக்கலாம்.

பிரித்தறிய வேண்டுமென்றால் முதலில் உறையைப் பாருங்கள். சிறகுள்ள பூச்சியைப் பார்த்து முடிவுக்கு வருவது சிரமம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். உறையோ புழு தன் கையால் கட்டிய வீடு. எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, எந்த வகை என்று பாதிக் கதையை அதுவே சொல்லிவிடும்.

ஃபெரியீக்காவின் உறை தட்டையானது. முழுதாக வளர்ந்த புழுவின் உறை 8 முதல் 14 மி.மீ. நீளம், 3 முதல் 5 மி.மீ. அகலம் இருக்கும். விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தால் உருளாது, விதை மாதிரி படுத்துக்கொள்ளும். வெளிப்புறம் சொரசொரப்பாக இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மணல், சுவர்ப்பூச்சுத் துகள், பஞ்சுத்தூசி, முடித்துண்டு எல்லாம் பட்டு நூலால் கோக்கப்பட்டிருப்பது தெரியும். எங்கள் வீட்டு வாசற்பக்கச் சுவரில் ஒருமுறை பச்சையும் ரோஸும் மின்னும் உறை ஒன்றைப் பார்த்தேன். கண்ணாடியை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. அத்தனையும் வாசலில் போட்ட கோலப்பொடி! நிறம் ஏற்றிய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்து பதித்திருந்தது.

அது கட்டும் விதமும் அழகு. முட்டையிலிருந்து வந்ததும் புழு முதலில் பட்டு நூலால் ஒரு சின்ன வளைவு கட்டுகிறது. வளைவின் இரு காலும் தரையில் ஒட்டியிருக்கும். வளைவின் வெளிப்புறத்தில் துகள்களை ஒட்டி ஒட்டி, அதை அகலமாக்கிக் குழாயாக மூடி, உட்புறம் முழுக்கப் பட்டால் மெழுகுகிறது. அந்தக் குழாய்க்குள் இருந்துகொண்டே தரையிலிருந்து கழற்றிக்கொண்டு கிளம்பிவிடும். வளர வளர வீட்டையும் பெரிதாக்கும். நடுவில் அகலமாக இருப்பது உள்ளே திரும்பிக்கொள்ள. இரு முனையிலும் வாசல் உண்டு. இந்தப் பக்கம் தொட்டால் அந்தப் பக்கம் தலை நீட்டும். வெளியே நீளும் முன்பகுதியில் மட்டும் கெட்டியான கரும்பழுப்புத் தகடுகள் இருக்கும், மற்ற உடம்பெல்லாம் வெள்ளை, மிருதுவானது. எறும்புக்கோ குளவிக்கோ எட்டும் இடத்தில் மட்டும் கவசம் போட்டிருக்கிறது.

அடுத்து, உறை சுமக்கும் துணி அந்து. பெயர் டினியா பெல்லியோனெல்லா. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758இலேயே பெயர் வைத்த பூச்சி இது. இதன் உறையிலும் இரு முனையும் திறந்திருக்கும், புழு இதையும் சுமந்துதான் நடக்கும். குழப்பம் முழுக்க இங்கிருந்து வருகிறது. ஆனால் இது உருண்டையான குழல். சுருட்டிய காகிதத் துண்டு மாதிரி மெல்லியதாக இருக்கும், விதை போல நடுவில் அகன்று தட்டையாக இருக்காது. மணலும் சுண்ணாம்பும் இதில் பிரதானமாக இருக்காது; தான் தின்னும் துணியின் இழையையே எடுத்துக் கட்டும். அதனால் சிவப்புக் கம்பளியில் வளர்ந்தால் சிவப்பு உறை, நீலத்தில் வளர்ந்தால் நீல உறை. பெரும்பாலும் துணியின் மேலேயோ மடிப்புக்குள்ளேயோ இருக்கும்.

இன்னொரு துணி அந்தும் உண்டு, டினியோலா பிஸ்ஸெலியெல்லா. அது உறையைச் சுமப்பதே இல்லை. துணியோடு சேர்த்து ஒட்டடை மாதிரி நூல்படலம் நெய்து, அதன் அடியில் இருந்துகொண்டு அரிக்கும். சுவரில் விதை போல எதையாவது பார்த்தால் இதை மனதிலிருந்து எடுத்துவிடலாம்.

ஆக, அக்கா காட்டிய படத்தில் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி. தட்டையா, உருளையா? மணலும் தூசியும் ஒட்டியதா, துணி இழையால் ஆனதா? சுவரில் இருந்ததா, துணியில் இருந்ததா? தட்டை, மணல், சுவர் என்று பதில் வந்தால் அது ஃபெரியீக்கா. மூன்றில் எதை அதிகம் நம்பலாம் என்று கேட்டால் வடிவத்தைச் சொல்வேன். இடம் ஏமாற்றக்கூடும். சுவர்ப்புழு வழிதவறி பீரோவுக்குள் போகும், துணிப்புழு கூட்டுப்பருவத்துக்கு (பூச்சியாக மாறும் முன் அசையாமல் கிடக்கும் பருவம்) இடம் தேடிச் சுவர் ஏறும். தட்டை உறை ஒருநாளும் உருளையாகாது.

சிறகு முளைத்த பூச்சியை வைத்துச் சொல்ல முடியாதா என்று அக்கா கேட்டார். முடியும், ஆனால் கண் கொஞ்சம் பழக வேண்டும். ஃபெரியீக்கா பெண் பூச்சி சிறகை விரித்தால் 10 முதல் 13 மி.மீ. வரும், ஆண் அதைவிடச் சின்னது. சாம்பல் நிறச் சிறகு, முன்சிறகில் நான்கு வரை கரும்புள்ளிகள், பின்சிறகின் ஓரத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில் நீண்ட முடிக்கற்றை. டினியாவும் கிட்டத்தட்ட அதே அளவு. பழுப்பு கலந்த சாம்பல் நிறம், அதற்கும் முன்சிறகில் கரும்புள்ளிகள். இந்தப் புள்ளிகள் சிறகில் இருக்கும் பொடிச் செதில்களால் ஆனவை. நாலு முறை எதிலாவது உரசினால் செதில் உதிர்ந்து புள்ளி மங்கிவிடும். கிழடு தட்டிய இரண்டு பூச்சிகளைப் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணே தடுமாறும். டினியோலா மட்டும் தனித்துத் தெரியும்: வைக்கோல் பொன்னிறம், புள்ளியே கிடையாது, தலையில் செம்பொன் முடி, வெளிச்சத்தைக் கண்டால் பறப்பதைவிட இருட்டுக்கு ஓடி ஒளியத்தான் பார்க்கும்.

சரி, ஃபெரியீக்கா என்று தெரிந்துவிட்டது. எந்த ஃபெரியீக்கா? எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

சிங்கப்பூர் வீடுகளில் எடுக்கும் படங்களுக்குப் பெரும்பாலும் ஃபெரியீக்கா யூட்டெரெல்லா என்ற பெயரைத்தான் சொல்கிறார்கள். அதற்கு அச்சு அசலாக ஓர் உடன்பிறப்பு இருக்கிறது, ஃபெரியீக்கா அலூட்டெல்லா. அதே தட்டை உறை, அதே சாம்பல் சிறகு, அதே வீட்டுச் சுவர் வாழ்க்கை. அலூட்டெல்லாவை ரெபெல் என்பவர் 1892இல் விவரித்தார். இலங்கை, இந்தியா, ஜாவா என்று நம்மைச் சுற்றியே அதற்குப் பதிவுகள் உண்டு. யூட்டெரெல்லாவை வால்சிங்ஹாம் பிரபு 1897இல் விவரித்தார். அப்போது அவர் அதை டினியோலாவோடு, அதாவது உறை சுமக்காத துணி அந்தோடு, சேர்த்து வைத்திருந்தார். 1933இல் பஸ்க் என்பவர் அதே பூச்சியைப் புதியது என்று எண்ணி இன்னொரு பெயர் வைத்தார். அந்தப் பெயரிலும் வால்சிங்ஹாமையே கௌரவித்திருந்தார்! தட்டை உறைக்காரர்களைத் துணி அந்திலிருந்து பிரித்து ஃபெரியீக்கா என்ற தனிப் பேரினத்தை ஹின்டனும் பிராட்லியும் உருவாக்கியது 1956இல். துறையிலேயே ஊறியவர்களுக்கு இவ்வளவு காலம் பிடித்தது என்றால், மின்தூக்கியில் நின்று கைப்பேசிப் படத்தைப் பார்ப்பவர் குழம்புவதில் வியப்பே இல்லை.

இதனால் வரும் சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. பனாமாவில் உள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வுக்கழகத்தின் அனெட் ஐயெல்லோ இந்தப் புழுவை வளர்த்து, அதன் வாழ்க்கையைப் படிப்படியாகக் கவனித்து 1979இல் எழுதினார். உறை கட்டும் விதம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் கண்டு சொன்னது. சுண்ணாம்புச் சுவரோடு மட்டும் இதைச் சேர்த்துப் பேசாமல் வீட்டு உறைப்புழு என்று அழைக்கலாம் என்றவரும் அவரே. அந்தக் கட்டுரை அலூட்டெல்லா என்ற பெயரில் வெளிவந்தது. இன்று யூட்டெரெல்லாவைப் பற்றி எழுதுபவர்களும் அதே தகவல்களை எடுத்தாள்கிறார்கள். இரட்டையரில் அண்ணன் செய்த வேலை தம்பி பெயரிலும் எழுதப்படுவது போல.

கண்ணுக்கு ஒரே மாதிரி இருப்பவற்றை வேறு இனம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? இரண்டு வழிகள். ஒன்று பழையது. பூச்சியின் வயிற்றுப் பகுதியை மட்டும் எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைப்பார்கள். மிருதுவான சதையெல்லாம் கரைந்துபோகும். கெட்டியான இனப்பெருக்க உறுப்புகள் மட்டும் மிஞ்சும். அதைச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிறகின் நிறமும் புள்ளியும் இனங்களுக்கிடையே ஒத்துப்போனாலும், இந்த உறுப்புகளின் கொக்கிகளும் வளைவுகளும் இனத்துக்கு இனம் மாறும். பூச்சியியலாளர் கேடன் ராபின்சன் இந்த முறையில் துணி அந்துகளை ஆராய்ந்து, பெல்லியோனெல்லா என்று பெயர்ச்சீட்டு ஒட்டிவைத்திருந்த மாதிரிகளில் வேறு இனங்களும் கலந்துகிடந்ததை 1979இல் விளக்கமாக எழுதினார். அதாவது நான் மேலே டினியா பெல்லியோனெல்லா என்று எழுதியதற்கும் அச்சு அசலான உடன்பிறப்புகள் உண்டு.

இன்னொரு வழி மரபணு. 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட்டும் உடன் இருந்தவர்களும் ஒரு யோசனை சொன்னார்கள். விலங்குகள் எல்லாவற்றிலும் இருக்கும் ஒரு மரபணுவில் சுமார் 650 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரே பகுதியைப் படித்து, அதை வைத்து இனங்களைப் பிரிக்கலாம் என்பது அது. ஒரே தெருவில் இரண்டு முருகன், இரண்டு பேருக்கும் ஒரே முதலெழுத்து, ஒரே உயரம் என்றால் என்ன செய்வோம்? அடையாள அட்டை எண்ணைக் கேட்போம். அது மாதிரி. ஒரு கால் துண்டு கிடைத்தாலே போதும்.

வீட்டில் நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் இல்லாத நாம் என்ன செய்வது? பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஃபெரியீக்கா என்று மட்டும் எழுதினால் போதும், அது முழுமையான பதில். படத்தைப் பார்த்தே யூட்டெரெல்லா என்று அடித்துச் சொல்பவரைவிட, ஃபெரியீக்கா என்று நிறுத்துபவர்தான் பூச்சியை நன்றாகப் பார்த்திருக்கிறார் என்று நான் நினைப்பேன்.

இப்போது அக்காவின் புடவைக்கு வருவோம். பழைய சிலந்தி வலைதான் உறைப்புழுவுக்கு விருப்பமான சாப்பாடு. உதிர்ந்த முடி, செத்த பூச்சி இவற்றையும் தின்னும். கம்பளி கிடைத்தால் தின்னும், பருத்தியைத் தொடாது. ஃப்ளோரிடாவில் சென்ற நூற்றாண்டில் இதைச் சோதித்தவர்கள் பருத்தித் துணியை வைத்துப் பார்த்தும் அது சீண்டவில்லை. பட்டோ கெரட்டினால் ஆனதே இல்லை, அது ஃபைப்ராயின் என்ற வேறு புரதம். துணி அந்துகூடக் கம்பளியைத்தான் முதலில் தேடும். வியர்வையும் எண்ணெயும் ஒட்டிய பட்டுத் துணியையும் சில சமயம் கடித்துவைக்கும், ஆகவே கட்டிய புடவையைச் சுத்தம் செய்து உலர்த்தி மடித்து வையுங்கள் என்றேன்.

நம் ஊரில் துணி அந்துக்குப் பயப்பட வேண்டியது வேறு துணிக்கு. டிசம்பர் விடுமுறையில் குளிர்நாட்டுக்குப் போவதற்கு வாங்கி, திரும்பி வந்ததும் அப்படியே மடித்து, இரண்டு மூன்று வருடம் தொடாமல் வைக்கும் கம்பளிச் சட்டையும் கழுத்துத்துண்டும்தான் அதற்கு விருந்து. துவைக்காமல் வைத்தால் இன்னும் நல்ல விருந்து. அதில் குழல் உறையோ நூல்படலமோ கண்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, இரண்டு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துப்போகும்.

சுவர்ப்புழுவுக்கு மருந்து எதுவும் வேண்டாம். மூலையில் இருக்கும் ஒட்டடையை அடித்து, பீரோவுக்கு அடியில் சேரும் முடியையும் தூசியையும் கூட்டினால் அதற்குச் சாப்பாடு இல்லாமல் போய்விடும். ஈரம் இல்லாமலும் அதனால் இருக்க முடியாது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 சதவீதத்தைத் தாண்டும், அதனால் அடியோடு இல்லாமல் ஆக்குவது கடினம். காற்றோட்டம் இருக்கும் அறையில் குறைவாக இருக்கும்.

அந்துருண்டை பற்றி ஒரு வார்த்தை, இதை அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன். அதில் நாப்தலின் இருந்தால், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று சோதிப்பதும் எச்சரிக்கை அட்டை கொடுப்பதும் அதற்காகத்தான். சுவரில் நடக்கும் ஒரு விதைக்காகப் பச்சைக்குழந்தை வந்துபோகும் வீட்டில் அந்துருண்டை வைக்காதீர்கள். அக்கா அன்று மாலையே எடுத்துப் போட்டுவிட்டு, சன்னல்களைத் திறந்து வைத்தார்.

அவருடைய பேத்திக்கு எட்டு வயது. எல்லாவற்றையும் துடைத்தெடுப்பதற்கு முன்னால் ஒன்றை மட்டும் ஊறுகாய் பாட்டிலில் போட்டு மெல்லிய துணியால் மூடிக் கட்டிக் கொடுத்தேன். ஐயெல்லோ தன் புழுக்களுக்குச் செத்த கொசுவும் தன் தலைமுடியும் போட்டு வளர்த்தார் என்றதும், சீப்பில் இருந்த முடியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கொசு மட்டையில் விழுந்த கொசுக்களையும் தினமும் போட்டாள். புழுப் பருவம் ஐம்பது நாள் போல நீளும், இது பாதி வளர்ந்த புழு. மூன்றாவது வாரம் பாட்டில் சுவரில் மேலே ஏறி, உறையின் இரு முனையையும் பட்டால் ஒட்டிக்கொண்டது. பூதக்கண்ணாடியில் காட்டினேன். ஒரு முனையின் இரு ஓரத்திலும் சிறு வெட்டு, அந்த முனை மட்டும் இன்னும் தட்டையாகி, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் கதவு போல மூடிக்கொண்டிருந்தது. கூட்டுப்பருவம் 11 முதல் 23 நாள் வரை போகும், வெளியே வருவது பெரும்பாலும் நண்பகலை ஒட்டி என்று சொல்லிவைத்திருந்தேன். பள்ளி விடுமுறை, அவள் தினமும் பன்னிரண்டு மணிக்குப் பாட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பதினேழாவது நாள் பன்னிரண்டரைக்கு அக்கா தொலைபேசியில் அழைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பல் நிறப் பூச்சி துணி மூடியின் அடியில் சிறகைக் கூரை போல மடித்து உட்கார்ந்திருந்தது. உறையின் கதவிடுக்கில் பழுப்பு நிறக் கூட்டுத்தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் முன்சிறகின் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.